பாடு: சபையின் குரலும் நேரடி ஆராதனைப் பதிவும்

(எளாவூர் அறக்கட்டளைச் சொற்பொழிவு)

வலையை உலரப் போட்டுவிட்டு ஏரிக்கரை ஊர்களிலிருந்து வந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே,

உங்கள் சொல் ஒன்றைக் கடன் வாங்கித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. வெளியூரில் இதை அச்சில் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இறாலுக்குச் சுத்துவலை கட்டும் இடம் பாடு. அந்த இடத்தில் இன்று யாருக்கு முறை என்பதும் பாடு. சீட்டுப் போட்டு முறை வகுத்துக்கொள்கிறீர்கள். பாடு இல்லாதவர் அங்கே வலை இறக்க முடியாது. அதனால் எழுந்த சச்சரவுகளும் சிறியவை அல்ல. பாடச் சொல்வதற்கும் அதே சொல். சிலுவையில் இயேசு பட்டதற்கும் அதே சொல்தான்.

ஆராதனை நடக்கும்போதே பதிவுசெய்து வெளியிடுகிறார்களே, அந்த ஆல்பங்களில் சபைக்குப் பாடு உண்டா? என் கேள்வி அவ்வளவுதான்.

இந்த வழக்கம் 1980களில் அமெரிக்கக் கேசட்டுகளோடு பெருகியது. பிறகு சிட்னியின் ஹில்சாங் சபை அதை உலகெங்கும் கொண்டுபோனது. டார்லீன் செக் 1993இல் எழுதிய ‘ஷவுட் டு த லார்ட்’ என்ற பாட்டின் பெயரிலேயே 1996இல் ஒரு நேரடி ஆல்பம் வந்தது. அந்த மாதிரிப் பதிவில் பாடகருக்கு ஒரு மைக், வாத்தியங்களுக்குத் தனித்தனி மைக். கூட்டத்தைப் பார்த்தபடி சில மைக்குகளை உயரத்தில் தொங்கவிடுவார்கள். சபையின் குரல் அவற்றில்தான் விழுகிறது. டிரம் வாசிப்பவரின் காதில் ஒரு கிளிக் சத்தம் தாளம் பிசகாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டத்துக்கு அது கேட்காது. நம் கோயில்களில் கிழவிகள் பல்லவியின் கடைசி எழுத்தை இழுத்து, ஆர்மோனியக்காரரைக் காத்திருக்க வைப்பார்களே, அந்தச் சுகத்துக்குக் கிளிக்கில் இடமில்லை. பிறகு ஸ்டுடியோவில் பிசிறைத் திருத்துவார்கள். சில பகுதிகளை மறுபடி பாடிச் சேர்ப்பதும் உண்டு. சபையின் ஓசையைப் பாடகருக்குக் கீழே எவ்வளவு வைப்பது என்பது மிக்ஸிங் செய்பவர் விரலில் இருக்கிறது. அட்டையில் ‘லைவ்’ என்றுதான் இருக்கும். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். வலையில் விழுந்ததையெல்லாம் அப்படியே சந்தைக்குக் கொண்டுபோகிறோமா என்ன?

தமிழில் சபை சேர்ந்து பாடும் கதை மைக்குக்கு வெகுகாலம் முந்தியது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்ற புலவர். கர்நாடக இசையின் கீர்த்தனை வடிவத்தில் கிறிஸ்துவைப் பாடினார். அந்த வடிவத்திலேயே சபைக்கு ஒரு முறை உண்டு: சரணம் தெரிந்தவர் பாடுவார், பல்லவிக்கு எல்லாரும் திரும்புவார்கள். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதன்பின் அவை ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன.

ஒன்றை மறைக்கக் கூடாது. கோயிலுக்குள் சாதி வேறுபாடு வேண்டாம் என்று மிஷனரிகள் சொன்னபோது எதிர்த்து எழுதியவரும் இதே சாஸ்திரியார்தான். எழுதியவர் யாரோடு சேர்ந்து உட்கார மறுத்தாரோ, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்று அவர் பல்லவியை அடித் தொண்டையிலிருந்து பாடுகிறார்கள். பாட்டுக்கு இப்படி ஒரு குணம். எனக்கு இதில் சந்தோஷம்தான், கொஞ்சம் பழிவாங்கிய சந்தோஷமும்.

நம் காலத்தில் கத்தோலிக்கக் குருவாக இருந்து வெளியே வந்த பெர்க்மான்ஸ், ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ என்று தொகுதி தொகுதியாகப் பாடல்களைத் தந்தார். சிறு சிறு வரி. ஒருமுறை கேட்டால் இரண்டாம் முறை கூடச் சேர்ந்துகொள்ளலாம். சங்கீதம் தெரிந்தவர்கள் இவற்றை எளிதென்று ஒதுக்குகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் பாடு கொடுப்பது எளிய வேலையா? ராகம் நுணுக்கமானால் அவர் வாய் மூடிவிடும். பெரிய மேடைகளில் இன்று நடப்பதும் அதுவே: பாடகரின் சுருதி ஏறுகிறது, விளக்கு அணைகிறது, கூட்டம் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக் கேட்க ஆரம்பிக்கிறது.

ஏரிக்கரைக் கோயில் ஒன்றில் யாராவது பதிவுசெய்ய வந்தால், ஒரு மைக்கை வாசற்படிக்கு மேலே கட்டச் சொல்லுங்கள். கரைக்கு வந்து, கால் சேற்றைக் கழுவிவிட்டு, பாதிப் பாட்டில் வந்து நிற்பவர்கள் அங்கேதான் நின்று பாடுகிறார்கள்.