சீனிக் குளிசையும் பாரிசவாதமும்



வீட்டில் ஒருவருக்குப் பாரிசவாதம் வந்து கைகால் விளங்காமல் போனால், ஆலோசனை சொல்ல ஊரே வரும். ஒருவர் மூலிகை எண்ணெய் என்பார், இன்னொருவர் ஸ்டெம் செல் ஊசி என்பார். இரண்டையும் சேர்த்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்வோரும் உண்டு. மூலிகையும் ஸ்டெம் செல்லும் ஆய்வுகூடத்தில் உண்மையாகவே சந்தித்த கதை ஒன்று நம் ரொறொன்ரோவில் இருக்கிறது.

வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக் கலமான ஸ்டெம் செல் இருக்கிறது என்பதற்கு முதல் ஆதாரத்தை 1961இல் இந்த நகரில்தான் ஜேம்ஸ் டில், ஏர்னஸ்ட் மக்குலொக் இருவரும் எலிகளின் எலும்பு மச்சையில் கண்டார்கள். வளர்ந்த எலியின் மூளையிலும் அத்தகைய செல்கள் உண்டென்று 1992இல் கல்கரியில் தெரியவந்தது.

மூலிகைப் பக்கத்துக்கு வருவோம். ஐரோப்பிய நாட்டு வைத்தியம் அறிந்த செடி கலேகா. அதிலுள்ள சத்து இரத்தச் சீனியைக் குறைக்கும். ஆனால் நஞ்சும் கூட. அதை ஒட்டி ஆய்வுகூடத்தில் உருவான, ஆபத்துக் குறைந்த மருந்துதான் மெற்போமின். 1957இல் பிரெஞ்சு வைத்தியர் ஜோன் ஸ்ரேர்ன் அதை நீரிழிவுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். உங்களில் பலர் சாப்பாட்டோடு போடுகிற அதே குளிசை.

2012இல் ரொறொன்ரோவின் சிக்கிட்ஸ் சிறுவர் மருத்துவமனையின் ஃப்றீடா மில்லர் குழு, மெற்போமின் எலி மூளையின் ஸ்டெம் செல்களைத் தூண்டிப் புதிய நரம்புக் கலங்களை உண்டாக்குவதைக் காட்டியது. மூளைக்கு இரத்தமும் ஒட்சிசனும் குறைந்து பாதிக்கப்பட்ட எலிக்குட்டிகளின் அசைவு இம்மருந்தால் தேறியதை, ரொறொன்ரோ பல்கலைக்கழகத்துச் சிண்டி மோர்ஸ்ஹெட்டின் குழு 2015இல் வெளியிட்டது. வெளியிலிருந்து எந்தச் செல்லையும் ஏற்றவில்லை. மூளையில் இருந்தவையே வேலை செய்தன. பிறகு, மூளைக் கட்டிக்குக் கதிர்ச்சிகிச்சை பெற்ற 24 பிள்ளைகளிடம் இதே மருந்தின் சிறிய பரிசோதனை நடந்து, 2020இல் முடிவு வந்தது. ஞாபகசக்தியில் நம்பிக்கை தரும் அறிகுறிகள் தெரிந்தன.

ஆனால் வளர்ந்தவர்களின் பாரிசவாதத்துக்கு இது இன்னும் சிகிச்சையாகவில்லை. அதை நினைத்து ஒரு குளிசையும் கூட்டிப் போடாதீர்கள். பாரிசவாதத்துக்குப் பின் இரத்தம் உறையாமலிருக்க வாபரின் எடுப்பவர்கள், எந்த மூலிகையையும் வைத்தியரிடம் சொல்லாமல் தொடவேண்டாம், இரத்தக்கசிவு வரலாம். கனடாவில் அனுமதி பெற்ற இயற்கை மருந்துப் போத்தலில் என்பிஎன் என்ற 8 இலக்க எண் இருக்கும். செல் சிகிச்சையும் மருந்துதான், அதற்கும் அனுமதி வேண்டும் என்று ஹெல்த் கனடா 2019இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆகவே ஸ்டெம் செல் ஊசிக்கு ஆயிரக்கணக்கில் காசு கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதற்கு ஹெல்த் கனடா அனுமதி உண்டா? ஆய்வென்றால், அதற்கு நான் ஏன் காசு தரவேண்டும்?