சராசரி 50 கிளாஸ்: எக்செல்ல புள்ளியியல் கத்துக்கிறது எப்படி?

இன்னைக்கு எபிசோட் பி.பி.ஏ, பி.காம், எம்.பி.ஏ படிக்கிறவங்களுக்காக. டைம்டேபிள்ல 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்'னு பார்த்ததுமே வயித்துல புளியைக் கரைக்குதா? அப்போ இது உங்களுக்கேதான். நான் ஒரு கல்லூரியில எம்.பி.ஏ மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை எக்செல் வெச்சு நடத்துறேன். இன்னைக்குச் சொல்லப்போற எல்லாத்தையும் கூகுள் ஷீட்ஸ்லயும் லிப்ரே ஆபிஸ்லயும் கூட செஞ்சு பார்க்கலாம்.

முதல்ல ஒரு விஷயம். கணக்குப் போடுறது சாஃப்ட்வேரோட வேலை. எந்தக் கணக்கைப் போடணும், வந்த விடைக்கு என்ன அர்த்தம்னு சொல்றது உங்க வேலை. முதல் வேலையைப் பத்து நிமிஷத்துல கத்துக்கலாம். ரெண்டாவதுக்குத்தான் சம்பளம் கொடுக்கிறாங்க.

என் வகுப்புல ஒரு மாணவி. அவங்க அப்பாவுக்குச் சென்னையில ரெண்டு ஜூஸ் கடை. ஒண்ணு குடியிருப்புப் பகுதியில, இன்னொண்ணு பீச் பக்கம். பீச் கடையில மாதுளம்பழம் அழுகி அழுகி நஷ்டமாகுது, கடையை மூடிடலாம்னு அப்பா யோசிக்கிறார். இந்தப் பொண்ணு ஒரு வாரத்து மாதுளை ஜூஸ் கணக்கை ஷீட்ல ஏத்திக்கிட்டு வந்தாங்க.

திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும், முதல் கடையில 48, 52, 50, 49, 51, 50, 50 கிளாஸ். பீச் கடையில 20, 25, 30, 35, 40, 90, 110. ரெண்டுக்கும் ஆவரேஜ் ஃபார்முலா போடுங்க. ரெண்டுமே சரியா 50.

அப்பாவும் மனக்கணக்குல இதே 50-ஐத்தான் பிடிச்சு வெச்சிருந்தார். ரெண்டு கடைக்கும் தினமும் 50 கிளாஸுக்கான பழம் வாங்குவார். வார நாள்ல பீச் கடையில பழம் மிஞ்சும். சனி, ஞாயிறு பத்தாம போய், பக்கத்துக் கடையில சில்லறை விலைக்கு வாங்கிச் சமாளிப்பார். ரெண்டு பக்கமும் காசு போகுது.

இப்போ அடுத்த ரெண்டு ஃபார்முலா. மீடியன், அதாவது வரிசைப்படுத்தினா நடுவுல நிக்கிற எண். முதல் கடைக்கு 50, பீச் கடைக்கு 35. சராசரிக்கும் மீடியனுக்கும் இவ்வளவு தூரம் இருந்தா, ஏதோ சில பெரிய எண்கள் சராசரியை மேல இழுக்குதுன்னு அர்த்தம். அடுத்து, திட்ட விலக்கம். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்குன்னு சொல்ற அளவு. முதல் கடைக்குச் சுமார் 1.3, பீச் கடைக்குச் சுமார் 35.

இங்க எக்செல் ரெண்டு ஃபார்முலா காட்டும். எஸ்டிடெவ் டாட் எஸ், எஸ்டிடெவ் டாட் பி. மொத்தத் தரவும் உங்க கையில இருந்தா 'பி'. அதிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுத்து மொத்தத்தைப் பத்திப் பேசப்போறீங்கன்னா 'எஸ்'. ஒரு வாரத்தை வெச்சு வருஷத்தைப் பத்திப் பேசுறோம், அதனால இங்க 'எஸ்'.

கடைசியா, பக்கத்துக் காலம்ல 'வார நாள்', 'வார இறுதி'ன்னு எழுதி ஆவரேஜ்இஃப் போட்டோம். வார நாள் சராசரி 30, வார இறுதி 100. பிரச்சினை கடையில இல்ல, கொள்முதல்ல! ஆனா ஒரு வாரக் கணக்கை நம்பி முடிவெடுக்க வேணாம்னு சொல்லி, எட்டு வாரம் குறிச்சுக்கிட்டு வரச் சொன்னேன். எட்டு வாரமும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். அப்பா பழம் வாங்குற அளவை மாத்திட்டார். அந்தக் கடை இன்னும் திறந்திருக்கு.

சரி, இப்போ பொறிகளுக்கு வருவோம். ஒரு நாள் கடைக்கு லீவுன்னு வெச்சுக்கோங்க. அந்தக் கட்டத்தைக் காலியா விடுவீங்களா, பூஜ்யம் போடுவீங்களா? ஆவரேஜ் ஃபார்முலா காலிக் கட்டத்தைக் கணக்குலயே சேர்க்காது, பூஜ்யத்தைச் சேர்க்கும். ஆறு நாள்ல 300 கிளாஸ் வித்திருந்தா, காலியா விட்டா சராசரி 50, பூஜ்யம் போட்டா சுமார் 43. 'கடை திறந்த நாள்ல எவ்வளவு?', 'வாரத்துக்கு மொத்தமாப் பார்த்தா ஒரு நாளைக்கு எவ்வளவு?' ரெண்டும் வேற வேற கேள்வி. கேள்வியை முதல்ல எழுதிட்டு ஃபார்முலாவுக்குப் போங்க.

அடுத்த பொறி, ரேஞ்ச். இதுக்கு உலகமே பேசின ஒரு உதாரணம் இருக்கு. 2010-ல கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப்னு ரெண்டு பிரபல பொருளாதார நிபுணர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அரசுக் கடன் ஜி.டி.பி-யில 90 சதவீதத்தைத் தாண்டின வளர்ந்த நாடுகள்ல சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம்னு அதில இருந்தது. அரசுச் செலவைக் குறைக்கணும்னு பேசின அரசியல்வாதிகள் பலர் இதை மேற்கோள் காட்டினாங்க.

2013-ல தாமஸ் ஹெர்ன்டன்னு ஒரு மாணவர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தோட ஆம்ஹர்ஸ்ட் வளாகத்துல படிச்சுக்கிட்டிருந்தார். வகுப்பு அசைன்மென்ட்டுக்காக இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார், விடை வரல. ஆசிரியர்கள்கிட்டயே கேட்டு எக்செல் ஃபைலை வாங்கினார். 30-வது வரிசையிலிருந்து 49 வரைக்கும் எடுக்க வேண்டிய சராசரி, 44-லயே நின்னுருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் அஞ்சும் வெளியே!

ஆனா ரேஞ்சோட பங்கு இதில கொஞ்சம்தான். சில வருஷத் தரவு விடுபட்டதும், சராசரி எடுத்த முறையும்தான் பெரிசு. நியூசிலாந்து அந்தப் பிரிவுல இருந்தது ஒரே ஒரு வருஷம், மைனஸ் 7.6. பிரிட்டன் 19 வருஷம், சராசரி 2.4. நாட்டுக்கு ஒரு ஓட்டுன்னு கொடுத்தா இந்த ரெண்டுக்கும் சராசரி மைனஸ் 2.6. வருஷத்துக்கு ஒரு ஓட்டுன்னா பிளஸ் 1.9. இதுதான் எடையிட்ட சராசரி, எக்செல்ல சம்ப்ராடக்ட் வெச்சுப் போடலாம். எல்லாத்தையும் சரிசெஞ்சு ஹெர்ன்டனும் அவரோட பேராசிரியர்கள் ரெண்டு பேரும் சொன்ன வளர்ச்சி 2.2 சதவீதம். ரேஞ்ச் பிழையை ஆசிரியர்கள் ஒத்துக்கிட்டாங்க, தங்களோட முடிவை விட்டுக்கொடுக்கல. எந்தச் சராசரி சரிங்கிறது விவாதத்துக்குரியதுதான். ஆனா எதை எடுத்தோம்னு எழுதி வைக்கணும், அதுல விவாதமே இல்ல.

கடைசியா டி-டெஸ்ட். இதோட பூர்வீகமே பிசினஸ்தான். டப்ளின்ல கின்னஸ் பீர் ஆலையில வேலை பார்த்த வில்லியம் கோசெட், கையில கொஞ்சமே கொஞ்சம் சாம்பிள் இருக்கும்போது எவ்வளவு நம்பலாம்னு யோசிச்சு, 1908-ல 'ஸ்டூடன்ட்'ங்கிற புனைபெயர்ல கட்டுரை எழுதினார். ஆஃபர் போட்ட நாள்களும் போடாத நாள்களும் உங்க ஷீட்ல இருந்தா, டி டாட் டெஸ்ட் ஃபார்முலா நேரா பி-வேல்யூவைத் தரும். ஆஃபரால எந்த வித்தியாசமும் இல்லைன்னே வெச்சுக்குவோம். அப்பவும் தற்செயலா இவ்வளவு பெரிய இடைவெளியோ, இதைவிடப் பெரிசோ வர எவ்வளவு வாய்ப்பு? அதுதான் பி-வேல்யூ. 0.03 வந்தா 'ஆஃபர் 97 சதவீதம் வேலை செஞ்சது'ன்னு இன்டர்வியூல சொல்லிடாதீங்க. அதுக்கு அந்த அர்த்தம் இல்ல.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை. வீட்டுப் பக்கத்துல இருக்கிற டீக்கடை, ஜெராக்ஸ் கடை, இல்ல உங்க மொபைல்ல இருக்கிற செலவுக் கணக்கு, ஏதாவது ஒண்ணை எடுத்துக்கோங்க. 30 நாள் எண்கள் போதும். சராசரி, மீடியன், திட்ட விலக்கம் போடுங்க. ஒரு சார்ட் வரையுங்க. அப்புறம் ஃபார்முலா இல்லாம, யாருக்கும் புரியுற தமிழ்ல மூணு வாக்கியம் எழுதுங்க. அந்த மூணு வாக்கியத்தை டீக்கடை அண்ணன்கிட்ட படிச்சுக் காட்டுங்க. அவர் 'ஆமா, அதனாலதான்...'னு ஆரம்பிச்சா, நீங்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கத்துக்கிட்டீங்க. அடுத்த எபிசோட்ல ரிக்ரெஷன் பார்ப்போம்.