பதவி விடுவோருக்கு உபசாரம்

(இலத்தூர் பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



தலைவர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன புகழ் வார்த்தைகளில் கால் பங்கு கூட எனக்குச் சேர்ந்ததல்ல. கூட்டத்துக்கு வந்தவனைப் புகழ்வது வழக்கம் என்று அவரும் சொன்னார். கேட்டுக் கொள்வது வழக்கம் என்று நானும் உட்கார்ந்திருந்தேன். இன்று நான் பேச வேண்டிய விஷயமும் இதுதான் என்பதால், இதிலிருந்தே துவக்குகிறேன்.

தேர்தல் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பாக, இனி நிற்கப் போவதில்லை என்று சொன்னவருக்கும், நிற்க இடம் கொடுக்கப்படாதவருக்கும் நம் நாட்டில் பாராட்டுக் கூட்டம் நடத்துகிறோம். மாலை, பொன்னாடை, கேடயம், பிளெக்ஸ் போர்டு, காலில் விழுதல் எல்லாம் நடக்கின்றன. இவைகள் யாருக்காக நடக்கின்றன என்பதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக் கொள்கிறேன். பல வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில், பஞ்சாயத்துப் பதவியை விட்டுப் போகும் ஒருவருக்கு உபசாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தவன் நான். அதில் அவரைக் கலியுகக் கர்ணன் என்று எழுதினேன். கர்ணன் கொடுத்ததாகச் சொல்லப்படுவது தன் உடம்போடு பிறந்த கவசத்தை. இவர் கொடுத்ததோ நம்மிடம் வசூலித்த வரிப்பணத்தை. அது கூட அப்பொழுது எனக்குத் தோன்றவில்லை. நான் வாசித்து முடித்ததும் கடைசி வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, "ஐயா, நீங்க வாசிச்சதிலே எங்க தெரு தண்ணிச் சங்கதி ஒண்ணும் வரலையே?" என்று கேட்டார். ஊர் முழுதுக்கும் குழாய் வந்தது. அவர் தெருவுக்கு மாத்திரம் வரவில்லை. மேடையிலிருந்தவர்கள் அவரை உட்காரச் சொன்னார்கள். நானும் உட்காரச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்துத் தேர்தல் வந்தது. அந்த உபசாரப் பத்திரத்தையே நோட்டீசாக அச்சடித்து, பதவி விட்டவரின் மருமகனுக்கு ஓட்டுக் கேட்டார்கள். என் எழுத்து, என் பெயரோடு! போகிறவருக்கு மாலை என்று நான் நினைத்தது, வருகிறவருக்குப் போட்ட படிக்கட்டாக முடிந்தது.

ஒரு ஊரில் நடந்தது என்று தள்ளிவிடாதீர்கள். ஸ்தல ஸ்தாபனங்களில் பாதி ஸ்தானங்கள் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் செய்தார்கள். மிக நல்ல சட்டம். ஆனால், ஸ்தானம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவுடன் கணவர் "ஓய்வு" பெறுவதும், அவருக்குப் பாராட்டுக் கூட்டம் போட்டு அதே மேடையில் மனைவியாரை அபேட்சகராக அறிவிப்பதும், பிறகு அந்தம்மாள் கையெழுத்துப் போட இவர் நாற்காலியில் உட்காருவதும் நீங்கள் காணாத காட்சியா? ஓய்வு யாருக்குக் கிடைத்தது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

டில்லியிலும் இதே கதைதான், மேடை மாத்திரம் பெரிது. 2024 பிப்ரவரி 8-ந் தேதி ராஜ்ய சபையில் காலம் முடிந்து போகும் அங்கத்தினர்களுக்கு விடை கொடுத்தார்கள். அன்று பிரதம மந்திரி மோடி அவர்கள் மன்மோகன் சிங்கைப் புகழ்ந்து, சக்கர நாற்காலியில் வந்து ஓட்டுப் போட்ட அவரது கடமை உணர்ச்சியை உதாரணமாக எடுத்துச் சொன்னார். அந்த ஓட்டு, 2023-ல் டில்லி நிர்வாக மசோதாவில் இதே சர்க்காருக்கு எதிராகப் போடப்பட்ட ஓட்டு. எதிரியின் நற்குணத்தை ஒப்புக் கொள்வது யோக்கியமான காரியந்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால், அதே நாள், அதே பார்லிமெண்டில், லோக் சபையில், மன்மோகன் சிங் பிரதமராயிருந்த 2004 முதல் 2014 வரைக்கும் பொருளாதாரம் பாழாயிற்று என்று ஒரு வெள்ளை அறிக்கை வைக்கப்பட்டது. அதற்குப் பதிலாகக் காங்கிரஸ்காரர்கள் அன்றே ஒரு கறுப்பு அறிக்கை வெளியிட்டார்கள். ஆள் நல்லவர், அவர் ஆட்சி கெட்டது! ஏப்ரலில் பொதுத் தேர்தல். ஒரு கையில் மாலையும் ஒரு கையில் குற்றப் பத்திரிகையும் வைத்துக் கொண்டு, எது உண்மை என்று கேட்காமலே ஜனங்கள் இரண்டுக்கும் கை தட்ட வேண்டும் என்பதுதான் இதில் உள்ள தந்திரம். அந்த வருஷம் டிசம்பர் 26-ந் தேதி மன்மோகன் சிங் காலமானார். மறுபடியும் எல்லோரும் புகழ்ந்தார்கள்.

இனி நம் ஜில்லாக்காரரைப் பார்ப்போம். கலிங்கப்பட்டி வைகோ அவர்களுக்கு 2025 ஜூலை 24-ந் தேதி ராஜ்ய சபையில் விடை கொடுத்தார்கள். அவர் அரசியலை விட்டவரல்ல. அந்தப் பதவிக் காலம் முடிந்தது, அவ்வளவே. 1978-ல் முதல் முதல் அந்தச் சபைக்குப் போனவர். அவரை எப்படிப் பாராட்டுவது? புயல் என்றும் சிங்கம் என்றும் சொல்வது சுலபம். 1993-ல் தி.மு.க.வை விட்டு வெளியேற்றப்பட்டார். 2019-ல் அந்தக் கட்சியின் ஆதரவிலேயே மறுபடி ராஜ்ய சபைக்குப் போனார். 2002-ல் ஜெயலலிதா அவர்களின் சர்க்கார் பொடா சட்டத்தில் பிடித்து ஒன்றரை வருஷத்திற்கு மேல் சிறையில் வைத்தது. 2006 தேர்தலில் அந்த அம்மையாரோடேயே கூட்டுச் சேர்ந்தார். சிறையில் இருந்ததையும் சொல்ல வேண்டும், கூட்டுச் சேர்ந்ததையும் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் சொன்னால், நாம் பாராட்டுவது அவரையல்ல, நாம் செய்து கொண்ட ஒரு பொம்மையைத்தான்.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரை நினைத்துக் கொள்ளுங்கள். 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணப் பிரதமர். கோவில் நுழைவுச் சட்டமும், தேவதாசி ஒழிப்புச் சட்டமும், ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டமும் அவர் காலத்தவை. கட்டாய இந்தியும், கருஞ்சட்டைப் படைக்குத் தடை போட்டதும் அவர் காலத்தவைதான். இரண்டாவதற்காக முதலாவதை மறைக்க மாட்டேன். முதலாவதற்காக இரண்டாவதை மன்னிக்கவும் மாட்டேன். ஆனால், தன் கட்சிக்காரர்களே ஆதரவை விலக்கிக் கொண்டபோது, அவர் பதவியை விட்டுப் போய் வடலூரில் இருந்தார். அவர் போனதற்கு அப்போது எந்தக் கட்சி மேடை கட்டிப் பொன்னாடை போர்த்தியது? அவரால் இனி ஆக வேண்டியது ஒன்றுமில்லை என்று தெரிந்தவுடன் மாலைக்காரர்கள் வேறு வாசலுக்குப் போய்விட்டார்கள்.

கக்கன் அவர்கள் சங்கதி இன்னும் கசப்பானது. 1957 முதல் 1967 வரை இந்த ராஜ்யத்தில் மந்திரி. 1967-ல் தோற்றார். அதன் பின் சொந்த வீடு, பணம் என்று ஒன்றும் இல்லாமல் வாழ்ந்தார். கடைசியில் மதுரை சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஏழைகளோடு ஏழையாகச் சாதாரண வார்டில் கிடந்தார். வேறொருவரைப் பார்க்க வந்த முதன் மந்திரி எம்.ஜி.ஆர். அவர்களுக்கு அங்கே வைத்துத்தான் தெரியும். 1981-ல் இறந்தார். மந்திரியாயிருந்த பத்து வருஷத்தில் அந்த மனிதருக்கு எத்தனை மாலை விழுந்திருக்கும்? அவற்றில் ஒன்றுக்காவது நினைவிருந்ததா? ஓட்டு வாங்கித் தரும் சக்தி போனவனுக்கு உபசாரமில்லை என்றால், உபசாரம் ஆளுக்கல்ல, ஓட்டுக்குத்தான் என்று ஆகவில்லையா?

நன்றியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ராமநாதபுரம் ஜில்லா போர்டுக்குத் தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன் அவர்கள், ஆதித்திராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டார். அவரைப் பாராட்ட ஒரு அடைமொழியும் வேண்டாம். அந்த உத்தரவை வாசித்தால் போதும். யார் ஏறினார்கள், யாருக்குக் கோபம் வந்தது என்பதே அவருக்கு உபசாரப் பத்திரம்.

தோழர்களே! இந்தத் தென்காசி ஜில்லாவில் 2021 அக்டோபர் 6-ந் தேதியும் 9-ந் தேதியும் நடந்த ஊராட்சித் தேர்தலில் வந்தவர்களுக்குக் காலம் 5 வருஷம். அவர்களில் விட்டுப் போகிறவர்களுக்கும் நீங்கள் கூட்டம் போடுவீர்கள், போடுங்கள். அந்த மேடையில் முதலில் வரவு செலவு வாசிக்கப்பட வேண்டும். எந்தத் தெருவுக்குத் தண்ணீர், எந்தச் சுடுகாட்டுக்குப் பாதை, எதற்கு இல்லை, ஏன் இல்லை என்பதைப் போகிறவரே தன் வாயால் சொல்ல வேண்டும். அடுத்து நிற்கப் போகிறவர், அவர் மகனானாலும் மனைவியானாலும் மருமகனானாலும், அன்றைக்கு மேடை ஏறக் கூடாது. கீழே உட்கார்ந்து கேட்கட்டும். வயதில் பெரியவர்கள் உட்பட யாரும் யார் காலிலும் விழக் கூடாது. பிறகு, கடைசி வரிசையில் இருப்பவர்களை முதலில் பேசவிடுங்கள். நான் உட்காரச் சொன்ன அந்தப் பெரியவரைப் போல ஒருவர் எழுந்தால், அவர் கேட்பதற்குப் பதில் கிடைக்கிற வரையில் மாலையைத் தட்டிலேயே வைத்திருங்கள்.

நேரமாகிவிட்டது, கடையம் பக்கம் போக வேண்டிய தோழர்கள் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். கேள்வி இருந்தால் கேளுங்கள்.