வழுக்காத தரை

(புனேயில் நடந்த மாதாந்திர அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டங்களில் பெரும்பாலும் உபந்நியாசம் நடக்கும், அல்லது டாக்டர் யாராவது வந்து சர்க்கரை வியாதி பற்றிப் பேசுவார். தரையில் பதிக்கும் டைல்ஸைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் செயலாளர், "அதில் அரை மணி நேரம் பேச என்ன இருக்கிறது ஸார்?" என்று கேட்டார். நான் பிஎஸ்ஸி பௌதிகம் படித்துவிட்டு, வாழ்நாள் முழுக்க மத்திய அரசாங்க உத்தியோகத்தில் ஃபைல் பார்த்தவன். கட்டிட இன்ஜினியர் அல்ல. ஆனாலும் உராய்வு என்பது பௌதிகத்தில் ஆரம்பப் பாடம். அதை வைத்துக்கொண்டே இந்த விஷயத்தில் பாதி தூரம் போய்விடலாம்.

இதை இப்போது எடுத்ததற்குக் காரணம் உண்டு. புனேயில் 1970களிலும் 80களிலும் கட்டிய சொசைட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ரீடெவலப்மென்ட்டுக்குப் போகின்றன. நம் அங்கத்தினர்களில் சிலர் வாடகை வீட்டில் இருந்துகொண்டு புது ஃப்ளாட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்தப் பழைய ஃப்ளாட்டுகளில் ஹாலில் மொசைக் இருக்கும். பின்பக்க பால்கனியிலும் பல வீடுகளில் பாத்ரூமிலும் ஷஹாபாத் கல் இருக்கும். கர்நாடகத்தில் கலபுரகி பக்கத்து ஷஹாபாத்திலிருந்து வரும் சுண்ணாம்புக்கல் அது. பார்க்க அழகென்று சொல்ல முடியாது. ஆனால் பாலிஷ் போடாத ஷஹாபாத்தில் ஈரக்காலோடு நடந்தாலும் கால் நிற்கும். புது ஃப்ளாட்டுக்கு பில்டர் காட்டுவதோ, நான்கடிக்கு இரண்டடி அளவில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ். பெரும்பாலும் குஜராத்தில் மோர்பியில் தயாரானவை. நம் நாட்டு டைல்ஸ் உற்பத்தியில் பெரும்பங்கு அந்த ஒரு ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான். சரக்கில் குறை சொல்வதற்கில்லை. எதை எங்கே பதிப்பது என்பதில்தான் விபரீதம் வருகிறது.

உலகம் முழுவதும் வருஷத்துக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இதில் உயிரிழப்பு அதிகம் இருப்பது 60 வயதைத் தாண்டியவர்களிடம். நம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதை இங்கே பல குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. நான் விவரிக்கப் போவதில்லை.

கால் ஏன் வழுக்குகிறது? உலர்ந்த தரையில் வெறுங்கால் வழுக்குவது அபூர்வம், பளபளப்பான டைலிலும்கூட. அதனால் கடையில் உலர்ந்த டைலைக் கையால் தடவிப் பார்த்து "நல்ல கிரிப் இருக்கு" என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. தண்ணீர் வந்தால் கதையே வேறு. குதிகாலை ஊன்றும்போது அடியில் இருக்கும் நீர்ப் படலம் விலகிப் போக வேண்டும். டைலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருந்தால், மேடுகள் அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு பாதத்தைத் தொடும். தண்ணீர் பள்ளங்களில் இறங்கிவிடும். மேடே இல்லையென்றால் பாதம் ஒரு க்ஷணம் தண்ணீரின்மேல் மிதக்கிறது. அந்த ஒரு க்ஷணம் போதும்.

எவ்வளவு மேடு வேண்டும் என்பது இடையில் இருக்கும் திரவத்தைப் பொறுத்தது. பிரிட்டனில் வழங்கும் ஒரு வழிகாட்டு அட்டவணைப்படி சுத்தமான தண்ணீருக்கு 20 மைக்ரான் சொரசொரப்பு வேண்டும். சோப்புத் தண்ணீருக்கும் பாலுக்கும் 45. ஆலிவ் எண்ணெய் போன்றவற்றுக்கு 70. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 70 மைக்ரான் சுமாராக ஒரு தலைமுடியின் பருமன். தண்ணீர், சோப்பு, பால், எண்ணெய் என்ற வரிசையைக் கவனியுங்கள். யாரோ நம் வீட்டைப் பார்த்து எழுதின மாதிரி இருக்கிறது!

இனி கடைக்காரர் சொல்லும் எண்களுக்கு வருகிறேன். ஜெர்மனியில் ஒரு சோதனை முறை ஏற்பட்டது. சாய்தளத்தில் டைல்ஸைப் பதித்து, மேலே எண்ணெய் ஊற்றி, ஒரு ஆளுக்கு பூட்ஸ் மாட்டி அதில் நடக்க விடுகிறார்கள். விழாமல் இருக்க இடுப்பில் கயிறு உண்டு. சாய்வை மெள்ள மெள்ள உயர்த்திக்கொண்டே போவார்கள். எந்தக் கோணத்தில் அந்த ஆளுக்கு நிலைகொள்ளவில்லையோ, அதுதான் மார்க். 6 முதல் 10 டிகிரி வரை தாங்கினால் ஆர் 9. 10 முதல் 19 வரை ஆர் 10, 27 வரை ஆர் 11, 35 வரை ஆர் 12, அதற்கும் மேல் ஆர் 13. ஆர் 1, ஆர் 2 என்றெல்லாம் எதுவும் கிடையாது. பட்டியல் ஆரம்பிப்பதே 9-இல்தான். "ஆர் 9 ஆன்டிஸ்கிட் ஸார்" என்று கடைக்காரர் சொன்னதும், பத்துக்கு ஒன்பது மார்க் என்று நாம் சந்தோஷப்படுகிறோம். அது கடைசி பெஞ்சு. 10 டிகிரிக்கு டான்ஜென்ட் எடுத்தால் உராய்வுக் குணகம் 0.18 கூட வருவதில்லை. சமதரையில் நிதானமாக நடக்கவே ஏறத்தாழ 0.2 வேண்டும். சோதனையில் எண்ணெய் ஊற்றியிருந்தது, வீட்டில் வெறும் தண்ணீர்தான் என்று வாதிக்கலாம். ஆனால் சோதனையில் பூட்ஸும் இருந்தது. நம் பாத்ரூமில் பூட்ஸ் போடுவதில்லை.

நமக்குப் பொருத்தமான சோதனை இன்னொன்று. அதே சாய்தளம், சோப்புத் தண்ணீர், வெறுங்கால். அதில் 12 டிகிரி தாங்கினால் 'ஏ', 18 என்றால் 'பி', 24 என்றால் 'சி'. முதல் சோதனைக்கு டின் 51130 என்றும் இதற்கு டின் 51097 என்றும் பெயர். இரண்டின் சோதனை முறைகளும் 2021-இல் ஈ.என். 16165 என்ற ஐரோப்பியத் தரத்துக்குள் வந்துவிட்டன. கடைகளில் பழைய பெயர்களே புழங்குகின்றன. ஊசல் வைத்துத் தரையை உரசிப் பார்க்கும் முறையும் உண்டு. அதில் ஈரத்தில் 36 அல்லது அதற்கு மேல் வந்தால் நல்லது, 25-க்குக் கீழே அபாயம். பெட்டியின்மேல் ஐ.எஸ். 15622 என்று அச்சிட்டிருந்தால் நல்லதுதான். அது நீர் உறிஞ்சுதல், வலிமை, அளவு என்று பல குணங்களைப் பற்றிய தரம். வெறுங்கால் எழுத்து என்ன என்பதை கம்பெனியின் டேட்டா ஷீட்டில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பாத்ரூமில் குளிக்கும் பகுதிக்கு 'பி'-க்குக் கீழே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எண்ணெய் ஸ்நானம் விடாத வீடாக இருந்தால் 'சி' தேடுங்கள். நல்லெண்ணெய் தண்ணீரைவிடப் பல மடங்கு கெட்டியானது. உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு நிற்கிறோம். அதன்மேல் சீயக்காய், அதிலும் சோப்பைப் போல் நுரைக்கும் பொருள் இருக்கிறது. தீபாவளியன்று விடியற்காலை அரைத்தூக்கத்தில் வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் அடுத்தடுத்துக் குளிக்கும்போது கடைசியில் உள்ளே போகும் பாட்டியின் நிலைமையை யோசியுங்கள். இங்கே பெரிய டைலைவிடச் சின்ன டைல்தான் உத்தமம். இணைப்புக் கோடுகள் அதிகமாவதால் காலுக்குப் பிடிப்பு கூடும், ஜாலியை நோக்கிச் சரிவும் ஒழுங்காக அமையும். அடிக்கு எட்டில் ஒரு அங்குலமாவது சரிவு இருக்கிறதா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள்.

அடுத்தது பூஜை அறை. அதற்கென்று வெள்ளை மார்பிளோ, பளபளப்பு டைலோ வாங்குவது வழக்கமாகிவிட்டது. பால் அபிஷேகம், பஞ்சாமிர்தம், தீபத்தெண்ணெய் எல்லாம் சிந்தும் இடம் அது. விக்கிரகத்தின் பீடத்துக்கு மார்பிள் போடுங்கள், நிற்கும் இடத்துக்கு மேட் டைல் போடுங்கள். மடி வேஷ்டியில் தண்ணீர் சொட்டச் சொட்ட பாத்ரூமிலிருந்து பூஜை அறைவரை நடந்து போகிறவர்கள் உள்ள வீட்டில், இடையில் இருக்கும் நடை முழுவதும் ஈரத்தரைதான். வரைபடத்தில் அது 'ட்ரை ஏரியா' என்றிருக்கும்!

அடுக்களைக்கு ஆர் 10 போதும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் சாதாரண மேட் ஃபினிஷே சரி. பயந்துபோய் வீடு முழுக்க ஆர் 12 போட்டுவிடாதீர்கள். காலைத் தேய்த்து நடப்பவர்களுக்கும் வாக்கர் வைத்திருப்பவர்களுக்கும் அதிக சொரசொரப்பு தடுக்கிவிடும், அதுவும் விழுவதுதான். பால்கனிக்கு ஆர் 11. ஜூனிலிருந்து செப்டம்பர்வரை இங்கே சாரல் உள்ளே அடிக்காத பால்கனி ஏது? சொசைட்டியின் நுழைவாயில் படியும் பார்க்கிங் சரிவும் இன்னும் முக்கியம். அங்கே பாலிஷ் கிரானைட் பதிப்பதுதான் இப்போதைய மோஸ்தர். கமிட்டியில் இருப்பவர்கள் தடுக்க வேண்டும். எல்லோரும் பயன்படுத்தும் இடங்களில் வழுக்காத தரை வேண்டும் என்று மத்திய அரசின் 2021 வழிகாட்டு நெறிமுறைகளே சொல்கின்றன என்று பில்டரிடம் எடுத்துக்காட்டலாம்.

நம் பூர்வீக வீடுகளில் எண்ணெல்லாம் பார்க்காமலே இதைச் செய்திருந்தார்கள். கூடத்தில் முகம் தெரிகிற மாதிரி சிவப்பு ஆக்ஸைடு. கிணற்றடியில் இழைக்காமல், உளியால் கொத்தின கருங்கல். ரிடையரான பிறகு ஊரில் வீடு கட்டுகிறவர்கள் சிலர் ஆத்தங்குடிக் கல்லை ஆசைப்பட்டு பாத்ரூமிலும் போடுகிறார்கள். அதைக் கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்து எடுக்கிறார்கள், அந்த வழவழப்பு அப்படியே வந்துவிடும். கூடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சொரசொரப்பு சாசுவதமும் அல்ல. பர்வதி மலைக் கோவிலுக்குப் போகிறவர்கள் கற்படிகளில் ஜனங்கள் அதிகம் மிதிக்கும் இடத்தைத் தடவிப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டிலிருந்து பட்ட பாதங்கள் கல்லை இழைத்திருக்கின்றன. அம்மி தேய்ந்தால் ஆளைக் கூப்பிட்டுக் கொத்தச் சொல்லவில்லையா? பதித்துவிட்ட பளபளப்பு டைலைப் பெயர்க்க மனமில்லாதவர்களுக்கும் அதுபோல் ஒரு வழி உண்டு. மேற்பரப்பை ரசாயனத்தால் லேசாக அரிக்கச் செய்யும் ஆன்டிஸ்கிட் ட்ரீட்மென்ட் செய்கிறார்கள். எல்லா டைலிலும் ஒரே பலன் கிடைக்காது. ஒரு மூலையில் செய்துபார்த்துவிட்டு மற்றதைச் செய்யச் சொல்லுங்கள். எதைச் செய்தாலும், சுவரில் உறுதியான கைப்பிடிக் கம்பி ஒன்று பொருத்திவிடுங்கள். டவல் மாட்டும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது.

மாமி ஒருவர், மேட் டைலில் அழுக்கு அடைந்தால் போகாதே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மாப் போட்டால் போகாதுதான். பிரஷ் போட வேண்டும். பள்ளங்களில் சோப்பும் எண்ணெயும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், 'சி' வாங்கினவர் வீட்டிலும் தரை வழுக்கும். வாரம் ஒருமுறை வெந்நீரும் கொஞ்சம் டிடர்ஜென்ட்டும் போட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசினால் போதும். டாங்கர் தண்ணீரும் போர் தண்ணீரும் விடும் வெள்ளைக் கறைக்காக ஆசிட் ஊற்றுகிறார்கள். அது டைல்களுக்கு நடுவில் உள்ள சிமென்ட்டைத் தின்றுவிடும். தரை ஷஹாபாத்தாகவோ கோட்டாவாகவோ இருந்தால் கல்லையே தின்றுவிடும், இரண்டும் சுண்ணாம்புக்கல்.