நரம்பின் நலிவும் குருதிச் சான்றும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயேயாகும். அதற்கு அளிக்கப்படும் மருந்து உயிரைக் காக்கிறது. அதே மருந்து சிலருக்கு நரம்பை நலிவிக்கிறது. அந்நலிவைக் குருதிச் சோதனையால் அறிய இயலுமா என்னும் ஆராய்ச்சி இன்று உலகில் நடைபெற்று வருகிறது. அதை நம் மக்களும் அறிந்திருத்தல் வேண்டும். நாம் மருத்துவம் பயின்றவர் அல்லோம். வகுப்பறையில் வரலாறு கற்பிப்பவர். ஆதலின் மருத்துவரின் இடத்தில் அமர்ந்து ஒன்றும் உரையோம்.

பேக்லிடாக்சல் என்பது இந்நோய்க்கு இரத்தக்குழாய் வழியாக ஏற்றப்படும் மருந்துகளுள் ஒன்று. அமெரிக்காவின் மேற்குப் பகுதிக் காடுகளில் வளரும் பசிபிக் யூ என்னும் மரத்தின் பட்டையிலிருந்து அது முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வேதியியல் அமைப்பை 1971-இல் வெளியிட்ட குழுவில் மன்றோ வால் என்பவரோடு முதன்மையாக உழைத்த மன்சுக் வானி, நம் நாட்டில் மகாராட்டிர மாநிலத்து நந்துர்பாரில் பிறந்தவர். அம்மருந்து செயற்படும் முறையை 1979-இல் விளக்கியவர் சூசன் ஹார்விட்ஸ் என்னும் பெண் அறிஞர். உயிரணுவினுள் நுண்குழல்கள் உள்ளன. அணு இரண்டாகப் பிரியும்போது அவை கட்டுவதும் கலைவதுமாக இயங்க வேண்டும். பேக்லிடாக்சல் அவற்றைக் கலையவொட்டாமல் இறுக்கிவிடுகிறது. அதனால் புற்றணு பிரிய இயலாமல் மடிகிறது.

இங்குதான் இடர் தொடங்குகிறது. நரம்பு அணுக்கள் பிரிவதில்லை எனினும் அவற்றினுள்ளும் அதே நுண்குழல்கள் உண்டு. முதுகெலும்பின் அருகிலிருந்து கால்விரல் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்திற்கு ஒரே நரம்பிழை ஓடுகிறது. அதன் நுனிக்கு வேண்டிய பொருள்களெல்லாம் அந்நுண்குழல்களின் வழியேதான் சென்று சேர வேண்டும். வழி பழுதுற்றால் முதலில் வாடுவது எது? வாய்க்காலில் நீர் குறைந்தால் கடைமடை வயல்தானே முதலில் காய்கிறது! அதுபோலவே கால்விரல் நுனியும் கைவிரல் நுனியும் முதலில் துன்புறுகின்றன. மதமதப்பு, எரிச்சல், ஊசி குத்துதல், பஞ்சின்மேல் நடப்பது போன்ற உணர்வு என்று தாய்மார் கூறுவன இவையே. சிலர்க்குக் காலிலிருந்து செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரிவதில்லை. செருப்பணிந்து ஊர்த்தெருவில் நடக்கும் உரிமைக்காகவே போராட நேர்ந்த மக்கள் நாம். இன்று அணிந்த செருப்பு கழன்றதை உணரவியலாத துயர் நம் பெண்களுக்கு வரின் அதனைச் சிறிதென்று தள்ளிவிட ஒண்ணாது.

2008-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், வாரந்தோறும் பேக்லிடாக்சல் பெற்றோருள் நூற்றுக்கு 27 பேர்க்கு நடுத்தரமான அல்லது கடுமையான நரம்புத் துயர் காணப்பட்டது. பலர்க்கு மருந்து முடிந்தபின் சில திங்களில் இது தணிகிறது. சிலர்க்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. மேசையருகில் அமர்ந்து பணியாற்றுவோர்க்கு ஒருவாறு சமாளிக்க இயலும். சேற்றில் இறங்கி நாற்று நடுபவர்க்கும், செங்கற் சூளையில் வெறுங்காலுடன் நிற்பவர்க்கும், ஊசியில் நூல் கோத்துப் பிழைப்பவர்க்கும் விரலுணர்வே மூலதனம். முள் தைத்தது தெரியாது. புண் சீழ் பிடித்த பின்னரே தெரியும்.

ஆயினும் நம் தாய்மார் இதனை வாய்திறந்து கூறுவதில்லை. நம் பள்ளியில் பயிலும் மாணவி ஒருத்தியின் அன்னை, நான்கு முறை மருந்து ஏற்றிய பின்னும், "கொஞ்சம் அசதிங்க ஐயா, வேறொன்னுமில்ல" என்றே மருத்துவரிடம் சொல்லி வந்தார். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்னும் அச்சம் ஒருபுறம். சொல்லியும் கேளாத முகங்களைப் பார்த்துப் பழகிய தயக்கம் மறுபுறம். இரண்டாவது காரணத்தை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை.

இவ்வாறு வாய் கூறாததைக் குருதி கூறுமா? கூறக்கூடும் என்கின்றனர் அறிஞர். நரம்பிழையின் உள்ளே அதற்கு எலும்புக்கூடு போல் அமைந்த புரதங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று நியூரோஃபிலமென்ட் லைட் செயின். நாம் அதனை நரம்பிழைப் புரதம் என்போம். இழை சிதைந்தால் அப்புரதம் கசிந்து குருதியிற் கலக்கிறது. மேற்கே கரை உடைந்தால் கிழக்கே வரும் தண்ணீர் கலங்கலாக வருவதைப் போன்றது இது. ஆனால் அதன் அளவோ மிகச் சிறிது. ஒரு மில்லி லிட்டரில் சில பிக்கோகிராம். ஒரு கிராமை இலட்சங்கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கே பிக்கோகிராம். 2010-இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்து டேவிட் வால்ட்டும் அவர்தம் குழுவினரும் தனித்தனி மூலக்கூறாக எண்ணும் முறையொன்றை வெளியிட்டனர். அதன் பயனாகவே இத்துணை நுண்ணிய அளவைக் குருதியிலேயே அளப்பது எளிதாயிற்று. பேக்லிடாக்சல் பெறும் மார்பகப் புற்றுநோயாளரிடம் மருந்து சேரச் சேர இப்புரதமும் உயர்வதையும், நரம்புத் துயர் மிக்கவரிடம் அது மேலும் உயர்வதையும் அண்மை ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

இத்துடன் மகிழ்ந்து நின்றுவிடலாகாது. வயது ஏறினாலும், சிறுநீரகம் தளர்ந்தாலும், தலையில் அடிபட்டாலும் இப்புரதம் குருதியில் மிகும். ஆதலின் ஒரே ஒரு முறை எடுத்த அளவைக் கொண்டு தீர்ப்புக் கூறவியலாது. மருந்து தொடங்குமுன் எடுத்த அவரவர் அளவோடு ஒப்பிட வேண்டும். இப்பயனுக்கு இது இன்னும் வழக்கமான மருத்துவச் சோதனையாகவில்லை; ஆய்வு நிலையிலேயே உள்ளது. எவரேனும் "இச்சோதனையை இப்போதே செய்துகொள்ளுங்கள்" என்று பணம் கேட்பின், உங்களுக்கு மருத்துவம் பார்க்கும் மருத்துவரைக் கலவாமல் கொடாதீர்கள். மறதி, கவனச் சிதறல் ஆகியவற்றிற்கும் குருதியில் அழற்சிப் பொருள்களை ஆராய்ந்து வருகின்றனர். அவ்வழி இன்னும் நெடிது.

நம் இளைஞர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் வெள்ளைப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்குப் பேக்லிடாக்சலால் நரம்புத் துயர் மிகுதி என முந்தைய ஆய்வுகள் காட்டின. ஆகவே கறுப்பினப் பெண்களை மட்டுமே கொண்டு தனியாக ஓர் ஆய்வு நிகழ்த்தினர். முடிவு 2024-இல் வெளியாயிற்று. மூன்று வாரத்திற்கொரு முறை தரப்பட்ட டோசிடாக்சல் என்னும் மருந்தில், வாரந்தோறும் தரப்பட்ட பேக்லிடாக்சலைவிட இத்துயர் குறைவாக இருந்தது. துயர் யாருக்கு வருமென முன்கூட்டியே காட்டும் என எதிர்பார்த்த மரபணு அடையாளங்களோ பயன்படவில்லை. அப்பெண்களைத் தனியே கணக்கிலெடுத்துப் பார்த்த பின்னரே இவ்விரண்டும் தெரிந்தன. நாளை நம் நாட்டில் நரம்பிழைப் புரதத்திற்கு இயல்பான அளவு இன்னதென வகுக்கப்படும்போது, அது யாருடைய குருதியைக் கொண்டு வகுக்கப்படும்? வயலில் உழைக்கும் பெண்ணின் குருதியும் அதில் இருத்தல் வேண்டும். அதே வேளையில், ஆய்வுக்குக் கேட்டால் தமிழில் விளக்கம் பெறவும், மறுக்கவும், இடையில் விலகவும் அவளுக்கு உரிமை உண்டு. அதனால் மருத்துவம் தடைபடலாகாது.

இன்றே எளிதிற் கிடைக்கும் குருதிச் சோதனைகளை மறந்துவிட வேண்டா. சர்க்கரை நோயும் பி12 வைட்டமின் குறைவும் தாமாகவே கால் மரப்பைத் தருவன. வைட்டமின் டி குறைந்தோர்க்குப் பேக்லிடாக்சலின் துயர் மிகுதி என்றும் ஆய்வு உண்டு. மருந்து தொடங்குமுன் இவற்றைப் பார்க்கலாமா என்று மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் கடையில் நரம்புச் சத்து மாத்திரையைத் தாமே வாங்கி விழுங்குதல் தீது. அசெட்டில் கார்னிட்டின் என்னும் பொருள் இத்துயரைத் தடுக்குமென நம்பி மார்பகப் புற்றுநோய்ப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். துயர் குறையாமல் கூடியதென 2013-இல் அறிவித்தனர். நம்மூர்க் கடைகளில் விற்கும் சில மாத்திரைகளில் அப்பொருள் கலந்துள்ளது.

குருதிச் சோதனை வரும்வரை தாயின் சொல்லே சான்று. வந்த பின்னும் அவள் சொல்லை அது தள்ளிவிடக் கூடாது. மருத்துவர் அறிந்தால் அளவைக் குறைக்கலாம், ஒரு வாரம் தள்ளலாம், மருந்தை மாற்றலாம். நிறுத்துவது ஒன்றே வழியன்று. ஆகவே மருந்து ஏற்றச் செல்லும் தாயுடன் படித்த பிள்ளை ஒருவர் செல்லுங்கள். சட்டைப் பொத்தான் மாட்ட முடிகிறதா, சில்லறைக் காசைத் தடவி இனங்காண முடிகிறதா, செருப்பு காலில் நிற்கிறதா, இரவில் எரிச்சலால் உறக்கம் கெடுகிறதா என்று முந்தைய நாளே வினவி, விடையைத் தேதியிட்டு எழுதிச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். இவ்வினாக்களை அச்சிட்டு மண்டப வாயிலில் வைத்துள்ளோம். வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம்.