கடை திறக்கும் நேரத்தில் நாம் எங்கே?

(சென்னைப் புறநகரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டம் மாலை ஆறு மணிக்கு என்று நோட்டீஸ் போட்டோம். இப்போது மணி எட்டரை. யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பகல் ஷிப்டு முடிந்து பஸ் பிடித்தவர்கள் ஏழரை மணிக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். நகரத்தில் வீட்டு வேலை செய்யும் சகோதரிகள் இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் சிலர் வழியில் இருக்கிறார்கள். நான் பேச வந்த விஷயமே இதுதான்.

சர்க்கார் ஏட்டில் ஒரு புறநகர்க் குடியிருப்பின் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ரேஷன் கடை உண்டு. சுகாதார நிலையம் உண்டு. பள்ளிக்கூடம் உண்டு. அங்கன்வாடி உண்டு. பஸ்ஸும் உண்டு. எல்லாம் உண்டு! ஆனால் அவற்றின் கதவு திறந்திருக்கும்போது நாம் எங்கே இருக்கிறோம்? ஆலைக்குள்ளே இருக்கிறோம், அல்லது வயலில் இருக்கிறோம், அல்லது பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கிறோம். நாம் வீடு திரும்பும்போது கதவு சாத்தியிருக்கிறது. உண்டு என்பது வேறு, கிடைக்கிறது என்பது வேறு.

பெரும்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணகி நகர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் எழுந்தது. பிறகு செம்மஞ்சேரி. அதற்கும் பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்கள். இந்த மூன்று இடத்திலும் சேர்த்து 40,000-க்கு மேற்பட்ட வீடுகள்! 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலும் கூவம் கரையிலும் இருந்த குடும்பங்களை ஆயிரக்கணக்கில் இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். வீட்டைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்களே தவிர, வேலையை யார் கொண்டுவந்தார்கள்? மீன் விற்கும் தெரு அங்கேயே இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் வீடு அங்கேயே இருக்கிறது. மூட்டை தூக்கும் மார்க்கெட்டும் அங்கேயே இருக்கிறது.

"கல் வீடு கொடுத்தார்களே, கக்கூஸ் கட்டிக் கொடுத்தார்களே, போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆற்றங்கரைக் குடிசை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு அது தெரியும். நல்ல வீடு நம்முடைய உரிமை. ஆனால் அந்த வீட்டுக்கு விலையாக நம் நாளையே எழுதி வாங்கிக்கொள்வதா?

ஒரு சகோதரியின் நாளைக் கணக்குப் போடுவோம். பெரும்பாக்கத்திலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடியிறங்கி, பஸ்ஸுக்கு நின்று, நெரிசலில் போய், இறங்கி நடந்து, வேலை வாசலை மிதிக்க 2 மணி நேரம். திரும்பவும் 2 மணி நேரம். நாளைக்கு 4 மணி. மாதம் 26 நாள் வேலை என்றால் 104 மணி நேரம். எட்டு மணி வேலை நாளாகப் பிரித்தால் 13 நாள்! மாதத்தில் 13 நாள் கூலியில்லாமல் ரோட்டில் உழைக்கிறார்! 2021-ஆம் ஆண்டு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அறிவித்தார்கள். நல்ல காரியம், வரவேற்றோம். ஆனால் பணம் மிச்சமானதே ஒழிய, அந்த 104 மணியில் ஒரு மணிகூடக் குறையவில்லை.

அந்தச் சகோதரி விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்துச் சமைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆண் தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மத்திய சர்க்கார் 2024-இல் எடுத்த நேரக் கணக்கெடுப்பு சொல்கிறது: கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரி 289 நிமிஷம், ஆணுக்கு 88 நிமிஷம். பஸ்ஸின் தூரமும் அடுப்பின் பாரமும் ஒரே தலையில் இறங்குகின்றன. அப்புறம் அவர் எப்போது ரேஷன் கடைக்குப் போவது? கார்டில் பெயருள்ள யாராவது ஒருவர் நேரில் வந்து விரல் வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காளை அனுப்ப முடியாது. ஒன்று, ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். இல்லையென்றால், பெரிய பெண்ணைப் பள்ளிக்கு மட்டம் போடச் சொல்ல வேண்டும். இரண்டாவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. படிப்பு எங்கே அறுபடுகிறது, பாருங்கள்!

இது ஏதோ நம் தலையெழுத்து அல்ல. சுவீடன் நாட்டில் ஹேகர்ஸ்ட்ராண்ட் என்று ஒரு புவியியல் அறிஞர் இருந்தார். அவர் 1970-இல் ஒரு கட்டுரையில் இதை ஆராய்ந்தார். ஒரு மனிதன் ஒரு நாளில் எங்கெல்லாம் போய்வர முடியும் என்பதை மூன்று கட்டுகள் தீர்மானிக்கின்றன என்றார். உறக்கமும் உணவும் வேண்டிய உடம்பும், கையில் இருக்கும் வாகனமும் ஒரு கட்டு. குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் மற்றவர்களோடு கூடியாக வேண்டும் என்பது, நம் பாஷையில் சொன்னால் ஷிப்டு சங்கு, இரண்டாவது கட்டு. எந்தக் கதவு எப்போது, யாருக்குத் திறக்கும் என்று விதிக்கும் அதிகாரம் மூன்றாவது கட்டு. அவர் நம்மைப்போல் வர்க்கம் என்று பேசவில்லை. ஆனால் சங்கு யார் கையில், அதிகாரம் யார் கையில் என்று கேட்டால் மீதி தானே விளங்கும்!

பெரும்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஓடும் பழைய மகாபலிபுரம் சாலையைப் பாருங்கள். குளிரூட்டிய கம்பெனி பஸ் ஆளை வீட்டருகிலேயே ஏற்றிக்கொண்டு போகிறது. காரில் போகிறவர் இரவு பத்து மணிக்கும் கடைக்குப் போய்வருவார். அதே சாலை, அதே கிலோமீட்டர். ஆனால் நமக்கு அது இரண்டு மடங்கு நீளம்.

கிராமத்துத் தோழர்களே, இது நகரத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் நஞ்சை பிளாட்டு ஆகிவிட்டது. நடவுக்கும் களையெடுப்புக்கும் விடியற்காலையில் வேன் ஏறி வேறு ஊருக்குப் போகிறீர்கள். ஊரில் இருப்பதோ பகுதி நேர ரேஷன் கடை, வாரத்தில் சில நாள்தான் திறக்கும். அந்த நாளும் நடவு நாளும் ஒன்றாக விழுந்தால் கூலியா, அரிசியா? இரண்டில் ஒன்றை விட வேண்டும். ஊராட்சியை நகராட்சியோடு சேர்த்தால் நூறு நாள் வேலையும் போய்விடும் என்று 2025-இல் பல ஊர் மக்கள் போராடினார்களே, அதுவும் எல்லைக் கோடு போடும் அதிகாரத்தை எதிர்த்துத்தான்.

நேரத்துக்காகப் போராடுவது நமக்குப் புதிதல்ல. 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தபோது, மத்தியானச் சோற்றுக்கு நேரம் போதவில்லை என்பது முக்கியமான குறைகளில் ஒன்று. 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். ஆலையைச் சுற்றிக் குடியிருந்த காலத்தில் எட்டு மணி வேலை என்றால் மீதி பதினாறு மணி நம்முடையது. இன்று அந்தப் பதினாறிலும் நாலு மணியைப் பஸ் தின்றுவிடுகிறது. இந்த லட்சணத்தில் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள்! தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிப்பு வந்தது. பன்னிரண்டோடு நாலைக் கூட்டுங்கள், பதினாறு. மீதி எட்டு மணிக்குள் சமைத்து, பிள்ளையைப் பார்த்து, ரேஷன் வாங்கி, எப்போது தூங்குவது?

ஆகவே நம் கோரிக்கை "கட்டடம் கொடு" என்பதோடு நிற்க முடியாது. நேரத்தையும் கேட்க வேண்டும். ரேஷன் கடை மாதத்தில் சில நாளாவது இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்க வேண்டும். பகுதி நேரக் கடைகளை முழு நேரமாக்க வேண்டும். சென்னையில் சில சுகாதார நிலையங்களில் மாலை வைத்தியம் ஆரம்பித்தார்கள், அது ஒவ்வொரு குடியிருப்புக்கும் வர வேண்டும். தாய் வேலையிலிருந்து திரும்பும் வரை அங்கன்வாடி குழந்தையை வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குக் கூடுதல் ஊழியரும் அவர்களுக்கு முறையான சம்பளமும் வேண்டும். முதல் ஷிப்டுக்கு முன்னும் கடைசி ஷிப்டுக்குப் பின்னும் பஸ் வேண்டும். இனி ஒரு குடும்பத்தைக்கூட வேலை செய்யும் இடத்திலிருந்து இவ்வளவு தூரம் தள்ளக் கூடாது.

மனுவில் "சிரமமாக இருக்கிறது" என்று எழுதினால் உத்தியோகஸ்தர்கள் படிக்க மாட்டார்கள். கணக்கு வேண்டும். கிளைச் செயலாளர்கள் இப்போது ஒரு தாள் கொடுப்பார்கள். வீட்டை விட்டுக் கிளம்பிய மணி, பஸ் வந்த மணி, வேலையில் நுழைந்த மணி, திரும்பிய மணி, போய்ப் பார்த்துச் சாத்தியிருந்த கதவு எது, இவற்றை ஒரு வாரம் எழுதுங்கள். எழுத வராதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாள்களை இங்கேயே வாங்கிக்கொள்வோம். நேரம் காலை பத்து மணி. அது யாருக்காவது சரிப்படாது என்றால் இப்போதே கையைத் தூக்குங்கள், மாற்றிவிடலாம்.