மின்மானிக்கு ஒரு படிக்கல்

மின்மானி நூற்றுக்கு 2 பங்கு மிகையாகக் காட்டின், 200 அலகு மின்சாரம் பாவித்தவர் ஏறத்தாழ 4 அலகுக்கு வீண்காசு கொடுக்கின்றார். ஆதலின், கடைத்தராசின் படிக்கல்லைப் போல மின்மானியையும் சோதித்தல் வேண்டும்.

100 அம்பியர் வரை அளக்கும் மானியைச் சோதிக்க, அத்துணை மின்னோட்டமும் பிழையின்றிக் கிடைத்தல் வேண்டுமன்றோ? நியமக் கருவியோ பெரும்பாலும் சிறிய ஓட்டத்தையே தரும். அதனை மாறா விகிதத்திற் பெருக்கித் தருவதே மின்னோட்டப் பெருக்கி.

இதனை இயக்குபவர் முதலிற் கருவி சூடேறி நிலைபெறும்வரை காத்திருக்கின்றார். வெளியீட்டை நிறுத்திவைத்தே தடித்த, குறுகிய கம்பிகளை இறுகப் பூட்டுகின்றார். பின்னர் ஓட்டத்தைப் படிப்படியாக உயர்த்தி, மானியின் அளவை நியம அளவோடு ஒப்பிடுகின்றார். ஓட்டம் பாயும்போது கம்பியைக் கழற்றலாகாது; சுற்று அறுந்தால், ஓட்டத்தை நிலைநிறுத்த முனையும் பெருக்கி தன் மின்னழுத்தத்தை எல்லைவரை உயர்த்தும்; தீப்பொறியும் எழலாம். ஓட்டத்தைப் பூச்சியத்துக்குத் தணித்த பின்னரே அவர் கம்பியைத் தொடுகின்றார்.

பாவனையாளர் காணாத இப்பொறுமையே அவரது பணத்துக்குக் காவலாகின்றது.